நெட் லைன் இரண்டு, கம்பம் ஒன்று

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜின் கம்ப்யூட்டர், கேமரா வேலைகளை நான்தான் பார்க்கிறேன். ரூம் புக்கிங், கார்டு மெஷின் எல்லாம் நெட்டை நம்பித்தான். அதனால் ஒன்று போனால் மற்றதற்கு ரவுட்டர் தானே மாறட்டும் என்று, இரண்டு கம்பெனியின் ஃபைபரையும் வாங்கி ஒரே ரவுட்டரில் போட்டிருந்தோம். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி இரண்டும் சேர்ந்தே போய்விட்டன. விடிந்ததும் பார்த்தால், தெருமுனையில் சாய்ந்து கிடந்த கம்பத்தில் இரண்டு கறுப்பு ஒயரும் ஒரே கட்டாகத் தொங்குகின்றன. கம்பெனி வேறாக இருந்து என்ன, கம்பம் ஒன்றுதானே!

அப்புறம் ஒரு ஃபைபரை எடுத்துவிட்டு, சிம் போடும் 4ஜி ரவுட்டர் வைத்தோம். சாதாரண நாளில் குறையே இல்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு வரும் கூட்டத்தில் டவர் திணறிவிடும். ரூம் நிரம்பி வழியும் அன்றைக்குத்தான் சிம் நெட் நகராது. இப்போது இரண்டாவது லைன், மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்து வயர்லெஸ்ஸில் வருகிறது. உப்புக்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப்தான் தாங்குகிறது, கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, முக்கியமானது. வெளியே ஃபைபர் அறுந்தாலும் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள ஒயர் நன்றாகத்தான் இருக்கும். அதை மட்டும் பார்க்கும் ரவுட்டர் லைன் மாறவே மாறாது. 8.8.8.8 (கூகுள்), 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேர்) என்று வெளியே இரண்டு சர்வருக்குப் பிங், அதாவது பதில் கேட்கும் சின்னச் செய்தி, போய் வருகிறதா என்று சோதிக்கும்படி செட்டிங் வையுங்கள்.

*

அண்ணே, நான் மண்டபத்தில் மீன் கம்பெனி ஆபீஸில் இருக்கிறேன். எங்களுக்கு லோடு பேலன்ஸில்தான், அதாவது இரண்டு லைனிலும் ஒரே நேரத்தில் வேலையைப் பிரித்து அனுப்பும் செட்டிங்கில்தான் தலைவலி. பேங்க் சைட்டில் ஓடிபி போட்ட கையோடு வெளியே தள்ளிவிடும். ஒரு கிளிக் ஒரு நெட் கம்பெனி தரும் ஐபி முகவரியில், அடுத்தது இன்னொன்றில் போனால் பேங்க் எப்படி விடும்? அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர் எப்போதும் ஒரே லைனில் போகட்டும், அது விழுந்தால் மட்டும் மற்றதற்கு மாறட்டும் என்று ரூல் போட்டோம். தொல்லை நின்றது.

கரண்டையும் மறக்காதீர்கள். ரவுட்டருக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்தால் போதாது, மோடத்தையும் ஆன்டெனாவின் அடாப்டரையும் அதிலேயே சொருகுங்கள். தெருப்பெட்டியில் கரண்டில் ஓடும் நெட்வொர்க் சுவிட்ச் வைத்து லைன் தருகிறவர் என்றால், அந்தப் பெட்டிக்குப் பேட்டரி உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.