பழைய செஸ்னா 172: கம்மியா ஓட்டுனா செலவும் கம்மியாகுமாங்க?

கேள்வி: கோயமுத்தூர்ல நாலு பேர் பங்கு போட்டு ஒரு செஸ்னா 172 (நாலு சீட் குட்டி விமானம்) வாங்கறதா பேச்சு. லைகாமிங் கம்பெனி எஞ்சின், ஓவர்ஹாலுக்கப்புறம் (முழுசாப் பிரிச்சுப் புதுப்பிச்சதுக்கப்புறம்) 700 மணி நேரம்தான் ஓடியிருக்கு, ஆனா 14 வருசம் ஆச்சு. வருசத்துக்கு 40 மணி நேரம் பறந்தா செலவு கையைக் கடிக்காதுங்களே?

பதில் 1: கடிக்குங்க. அடுத்த ஓவர்ஹாலுக்கு லைகாமிங் சொல்ற கணக்கு 2,000 மணி நேரம் இல்லீனா 12 வருசம், எது முந்துதோ அது; உங்களுது வருசக் கணக்கைத் தாண்டிருச்சு. அந்த எஞ்சின்ல வால்வைத் திறக்க வெக்கற கேம்ஷாஃப்ட் மேல இருக்கு. சும்மா நின்னா ஆயில் வடிஞ்சு துரு ஏறும், அந்தத் துரு, கேம்ஷாஃப்ட் தள்ளற டாப்பெட்டை அரைச்சிரும். தரையிலயே பத்து நிமிசம் ஓட்டி அணைக்கறது அதைவிடக் கேடு, ஈரம் உள்ளயே தங்கிரும். பறந்து ஒரு மணி நேரமாவது ஆயில் 75 டிகிரிக்கு மேல இருக்கோணும்.

பதில் 2: வாங்கறதுக்கு முந்தி கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டர் காத்தைக் கசியாமப் பிடிக்குதான்னு பாருங்க. சிலிண்டருக்கு 80 பிஎஸ்ஐ அழுத்தத்துல காத்து குடுத்து 60க்குக் கீழ நின்னா, சத்தம் எங்கன்னு காது வையுங்க. சைலன்சர்ல உஸ்ஸுன்னா எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊத்தற வாய்லன்னா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு. ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்பை விரிச்சு காந்தம் காட்டுங்க, இரும்புத்தூள் ஒட்டுனா விலகிருங்க. ஆயிலை 50 மணி நேரம் இல்லீனா 4 மாசத்துக்கு ஒருக்கா மாத்தோணும். ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்டு குடுக்கற மேக்னெட்டோவை 500 மணி நேரத்துக்கு ஒருக்கா பாக்கோணும்.

பதில் 3: ஹேங்கர் வாடகையையும் சேத்துக்கங்க. பாலக்காட்டுக் கணவாய் ஆடிக்காத்துல வெளிய கட்டிப்போட்டா, லாக் போடாத ரடர் (வால்ல திருப்பற பலகை) ஆடி ஆடியே கீலு தேஞ்சிரும்.