கட்டைவிரலின் பின்பக்கம் மரத்துப்போகிறது, பிடி மட்டும் குறையவில்லை. எந்த நரம்பு?

ஒயரிங்காரன்:
வணக்கம். வயது 34, ஒயரிங் வேலை. மூன்று வாரமாக வலது கட்டைவிரலின் பின்பக்கமும், அதற்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள புறங்கைத் தோலும் மரத்துக் கிடக்கின்றன. சட்டைக் கை உரசினாலே எரிகிறது. ஸ்க்ரூடிரைவரைத் திருகும்போது மணிக்கட்டுக்கு மேலிருந்து கரண்ட் அடித்தது போல ஓடுகிறது (நிஜக் கரண்ட் எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும்). உள்ளங்கை நன்றாகவே இருக்கிறது. கூட வேலை செய்பவர் கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கோளாறு) என்கிறார். அதுதானா?

ஊர்க்குருவி:
சுளுக்காக இருக்கும் தம்பி. வேப்பெண்ணெயைச் சூடுகாட்டி நன்றாக அழுத்தி நீவி விடுங்கள்.

பிசியோ அக்கா:
தயவுசெய்து நீவ வேண்டாம். நசுங்கிய நரம்பாக இருந்தால் அதை இன்னும் நசுக்குவதாகிவிடும்.

கார்ப்பல் டனலில் மாட்டுவது மீடியன் நரம்பு. மரத்துப்போவது விரல்களின் உள்ளங்கைப் பக்கம்: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி. உங்களுக்கு நேர்மாறாகப் பின்பக்கம். அங்கே தோலுக்கு உணர்ச்சி தருவது ரேடியல் நரம்பின் மேலோட்டக் கிளை. மணிக்கட்டுக்கு வரும்போது அது எந்தத் தசையையும் இயக்குவதில்லை, தொடு உணர்வை மட்டும் சுமக்கிறது. பிடி குறையாததற்குக் காரணம் அதுதான்.

இரண்டு கேள்வி. இறுக்கமான வாட்ச், காப்பு ஏதாவது உண்டா? வலி ஸ்க்ரூவை முடுக்கும்போதா, கழற்றும்போதா?

ஒயரிங்காரன்:
அக்கா, யோசித்துப் பார்த்தால் கழற்றும்போதுதான்! காப்பும் உண்டு. ஒன்றரை மாதம் முன்பு அம்மா வாங்கிப் போட்ட செம்புக் காப்பு. சோப்புப் போட்டால்தான் கழலும்.

பிசியோ அக்கா:
முதலில் சோப்பைத் தேடுங்கள்.

கழற்றும்போது ஏன் என்றால், அந்தக் கிளை முழங்கைக்கு முன்பக்கம் பிரிந்து, பிராக்கியோரேடியாலிஸ் என்ற தசைக்கு அடியில் பத்திரமாக இறங்குகிறது. மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மேட்டுக்கு ஏறக்குறைய 8, 9 செ.மீ. மேலே, அந்தத் தசையின் நாணுக்கும் (தசையை எலும்போடு கட்டும் கயிறு) பக்கத்துத் தசையின் நாணுக்கும் இடையே புகுந்து தோலுக்கு அடியில் வந்துவிடுகிறது. வலது கையால் ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பும். அப்போது அந்த இரண்டு நாணும் கத்தரிக்கோல் போல நரம்பை நெரிக்கும். முடுக்கும்போது கை எதிர்ப்பக்கம் திரும்புவதால் நெரிசல் விடும். அதற்குக் கீழே எலும்புக்கும் தோலுக்கும் நடுவே மெத்தையே இல்லாத இடத்தில் உங்கள் காப்பு. மேலே கத்தரி, கீழே வளையம்!

இரண்டாம் ஆண்டு எம்பிபிஎஸ்:
அக்கா சொன்னது சரி. உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலில் நாங்கள் முதலில் தேடியதே பிராக்கியோரேடியாலிஸைத்தான். அதை ஒதுக்கினால் ரேடியல் தமனி, அதற்கு வெளிப்பக்கம் இந்த நரம்பு. 1932-இல் வார்ட்டன்பெர்க் என்ற நரம்பு மருத்துவர் இந்தத் தொல்லையை விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். ஒரு சந்தேகம்: முன்கையின் வெளிப்புறத் தோல் நரம்பாகவும் இருக்கலாமே?

பிசியோ அக்கா:
நல்ல கேள்வி. அது மேல்கையில் ஓடும் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பின் கடைசித் துண்டு. பைசெப்ஸ் நாணுக்கு வெளிப்பக்கம் தோலுக்கு வந்து, முன்கையின் கட்டைவிரல் ஓரத்துக்கு உணர்ச்சி தருகிறது. அது கெட்டால் முன்கைத் தோலே மரக்கும். ஆனால் மணிக்கட்டருகே இரண்டின் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், ஆளுக்கு ஆள் மாறும். அதனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவிலான புறங்கைத் தோலைத்தான் நான் நம்புவேன்.

மழைக்காலம்:
எனக்கும் இதே இடம்தான். காய்ச்சலுக்கு டிரிப்ஸ் ஏற்ற மணிக்கட்டு ஓரத்தில் ஊசி குத்தினார்கள், கட்டைவிரல் வரை மின்னல் ஓடியது. பெரிய நரம்பு என்றெல்லாம் பயந்தேன். சரியாக நாலைந்து மாதம் ஆயிற்று.

பிசியோ அக்கா:
அங்கே ரத்தக்குழாயும் இந்த நரம்பும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, அதனால்தான்.

ஒயரிங்காரரே, நரம்பு வெளிவரும் இடத்தில் விரலால் மெல்லத் தட்டுங்கள். சுருக்கென்று கட்டைவிரலுக்கு ஓடினால் சந்தேகம் வலுக்கும். கட்டைவிரலை மடக்கி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் சோதனையை நம்பி முடிவு செய்யாதீர்கள். டி குவெர்வெய்ன் என்கிற, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு நாண் வீக்கத்திலும் அது வலிக்கும், இதிலும் வலிக்கும். எப்படியும் எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ ஒருமுறை பாருங்கள். மணிக்கட்டைத் தூக்கவோ விரலை நிமிர்த்தவோ முடியாமல் போனால், அல்லது கழுத்திலிருந்து வலி இறங்கினால், கோளாறு மேலே எங்கோ இருக்கிறது. அப்போது ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

ஒயரிங்காரன்:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். காப்பைக் கழற்றிய நாலாம் நாளே எரிச்சல் பாதி குறைந்தது. தட்டினால் ஓடத்தான் செய்தது. மருத்துவரும் அதே நரம்பைத்தான் சொன்னார். கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் மூன்று வாரம் போடச் சொன்னார். இப்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் மரப்பு இருக்கிறது. ஸ்க்ரூ கழற்றுவதற்கு டிரில் மிஷின் வாங்கிவிட்டேன்.

காப்பை இடது கையில் போடலாமா? அம்மா விடமாட்டேன் என்கிறார்.

பிசியோ அக்கா:
இடது கையிலும் அதே நரம்புதான் ஓடுகிறது தம்பி. ஒரு விரல் தாராளமாக நுழையும் அளவில் வேறு வாங்கித் தரச் சொல்லுங்கள்.