"காலை நீட்டுங்க" என்றார்கள்: ஸ்கேன் அறை, பரிசோதனை மேஜை அனுபவங்கள்

மலைக்காற்று:
ரெண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் மனசில் கிடக்கிறது. ஒன்றரை வயதில் போலியோ. வலது முழங்கால் மடங்கியேதான் இருக்கும், நீளாது. காலிபர், அதாவது காலைத் தாங்கும் இரும்புச் சட்டம் போட்டு நடக்கிறேன். முதுகு வலிக்கு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார்கள். காலிபரைக் கழற்றச் சொன்னது சரி, அது பெரிய காந்தம், இரும்பு உள்ளே போகக்கூடாது. கழற்றிவிட்டால் நான் மேஜை வரைக்கும் எப்படிப் போவேன் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. வார்டு பாய் ஒரு வார்த்தை கேட்காமல் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கிப் போட்டார்.

"காலை நீட்டுங்க சார்." நீளாது என்றேன். அடியில் தலையணை வைத்தால் போதும் என்றும் சொன்னேன். "கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்றபடி டெக்னீஷியன் முழங்கால்மேல் உள்ளங்கையை வைத்து, உடம்பு எடையைக் கொடுத்து அழுத்தினார். கத்திவிட்டேன். அவர் கையை எடுக்கவில்லை, "ரிலாக்ஸ், ரிலாக்ஸ்" என்றார். அந்த உள்ளங்கை இன்னும் முழங்காலில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. வலியில் நடுங்கியதில் படம் ஆடிப்போய்விட்டது, மறுபடி வரச் சொன்னார்கள்.

அடுத்த முறை ஒரு பெண் இருந்தார். முழங்காலுக்கு அடியில் ரெண்டு தலையணை வைத்து, "இப்போ எப்படி இருக்குண்ணா?" என்று கேட்டார். படம் தெளிவாக வந்தது. ரெண்டு தலையணை, அவ்வளவுதான்.

வேப்பமரத்தடி:
அண்ணா, படிக்கும்போதே என் முழங்கால் வலித்தது. அம்மாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. போன ஆண்டு கொலனோஸ்கோபி, பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. குடல் சுத்தமாக, முந்தின நாள் பேதி பவுடரைக் கலக்கி 2 லிட்டர் குடிக்கவேண்டும். குடிப்பது பெரிதில்லை, விடிய விடிய எழுந்து ஓடவேண்டுமே, ஓட முடியாதவர் என்ன செய்வார்? பக்கத்து வீட்டில் கமோடு சேர் இரவல் வாங்கிக் கட்டிலோடு ஒட்டிப் போட்டேன். 11 தடவை.

காலையில் உள்ளே அழைத்துப் போய் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்களாம். எல்லோரையும் அப்படித்தான் படுக்க வைப்பார்கள். அம்மாவின் செயலிழந்த கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. "கை, கை" என்று சொல்லியிருக்கிறார், மயக்க ஊசி ஏறிக்கொண்டிருந்ததால் யார் காதிலும் விழவில்லை. வெளியே வந்தபோது விரல்கள் வீங்கி நிறம் மாறியிருந்தன. ராத்திரி முழுக்க அந்தக் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். முன்பே சொல்லியிருக்கவேண்டியது நான்தான்.

எக்ஸ்ரே அறை:
19 வருஷமாக ஸ்கேன் அறையில் வேலை செய்கிறேன். மலைக்காற்று அவர்களே, அழுத்தியது தவறு, அதில் மறுபேச்சில்லை. ஆனால் டெக்னீஷியனை மட்டும் குற்றம் சொல்வதை ஏற்க முடியவில்லை. வெளியே 15 பேர் காத்திருப்பார்கள், டாக்டரின் சீட்டில் "முதுகு எம்ஆர்ஐ" என்று மட்டும் இருக்கும், கால் மடங்காது, நீளாது என்று ஒரு வரி இருக்காது. நானும் ஒரு முறை, கழுத்து எலும்பு ஒட்டிப்போன ஒருவரின் தலை அந்தரத்தில் நிற்பதைப் பார்க்காமல் மேஜையை உள்ளே தள்ளியிருக்கிறேன். அதன் பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முந்தின நாளே போன் செய்து, எது மடங்காது, எந்தப் பக்கம் படுக்க முடியாது என்று சொல்லுங்கள். நோயின் பெயரைவிட அதுதான் எங்களுக்கு உதவும். கூன் இருந்தால் இயந்திரத்தின் வாய் எத்தனை அகலம் என்று கேளுங்கள். பழையவை 60 செ.மீ., புதியவற்றில் 70 செ.மீ. கிடைக்கும். அந்த 10 செ.மீ. பெரிய வித்தியாசம். உடம்பில் பிளேட், திருகு, பேஸ்மேக்கர் எது இருந்தாலும் மறைக்காதீர்கள். அழைப்பதற்கு ஒரு ரப்பர் பந்து தருவார்கள், அதை உங்களுக்குப் பலமுள்ள கையில் கேட்டு வாங்குங்கள், உள்ளே போவதற்கு முன் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். வழக்கமான வலி மாத்திரையை எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள். வீல்சேர் அறைக்குள் வராது, அதனால் காந்தம் இழுக்காத ஸ்ட்ரெச்சர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தூக்குபவரிடம் எங்கே பிடிக்கவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். முதுகு ஸ்கேனில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது எல்லோருக்கும் வழக்கம்தான், அது சலுகை இல்லை.

தென்னந்தோப்பு:
போன் செய்யச் சொல்கிறீர்கள் சார். நான் போனும் செய்தேன், நேரிலும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன்.

மரத்திலிருந்து விழுந்து முதுகுத் தண்டு போனது. மார்புக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீர்ப்பையில் கேமரா விட்டுப் பார்க்கவேண்டும் என்றார்கள். மரத்துப்போகும் ஜெல் போடுங்கள் என்றேன். "உனக்குத்தான் உணர்ச்சியே இல்லையே தம்பி, எதுக்கு?" என்றார் டாக்டர். பைக்குள் தண்ணீர் ஏற ஏற மண்டைக்குள் சம்மட்டி அடிக்க ஆரம்பித்தது. முகமெல்லாம் வியர்வை, கழுத்தில் மயிர்க்கூச்சம். "பயப்படாதே" என்கிறார்கள். எனக்குப் பயமே இல்லை. என் பிரஷர் வழக்கமாக 100தான். அப்போது 210.

ஒரு நர்ஸம்மாதான் சட்டென்று புரிந்துகொண்டு, "தண்ணியை நிறுத்துங்க, வெளியே எடுங்க" என்று சத்தம் போட்டு, என்னை நிமிர்த்தி உட்கார வைத்தார். சில நிமிஷத்தில் இறங்கியது. இதற்குப் பெயர் ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா. தண்டுவடத்தில் மார்புப் பகுதி முதுகெலும்பில் 6வது எலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்கவேண்டும். மூளைக்கு வலி தெரியாது, உடம்புக்குத் தெரியும். மூளையில் ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் பெயரில் உள்ள மறுவாழ்வு நிலையத்தில் பயிற்சி எடுத்தபோது எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது. அவரே 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். நான் எழுதிக் கொடுத்த தாள் அன்றைக்கு என் ஃபைலுக்குள்ளேயே இருந்தது. யாரும் பிரிக்கவில்லை.

மலைக்காற்று:
தம்பி, 210 என்று படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த நர்ஸம்மா நன்றாக இருக்கவேண்டும்.

எக்ஸ்ரே அறை சார், நீங்கள் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன், நன்றி. ஆனாலும் 15 பேர் காத்திருப்பது என் முழங்காலின் குற்றம் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25வது பிரிவு, அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டிலும் தடையில்லாத அணுகலும், சிகிச்சையில் முன்னுரிமையும் வேண்டும் என்கிறது. நான் கேட்டது அதில் ஒரு தலையணை அளவுதான்.

அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன். போன வாரம் போன் செய்தேன். "நேர்ல வாங்க, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்கள். தலையணையை வீட்டிலிருந்தே கொண்டுபோகிறேன். இலவம்பஞ்சு, ஜிப் இல்லாத உறை.