பெண்கள் உரிமைக்காக வரும் வெளிநாட்டுப் பணம் போய்ச் சேருகிறதா?

வைகைக்கரை:
2025 ஜூலையில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டை மூடியதிலிருந்து எனக்கும் என் தம்பிக்கும் வீட்டில் இதே வாக்குவாதம்தான். ஆப்கானிஸ்தானில் 20 வருஷம் பெண்கள் பெயரைச் சொல்லிக் கோடி கோடியாகக் கொட்டினார்கள், தாலிபான் வந்ததும் எல்லாம் போச்சு, இதெல்லாம் வீண் என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் எடுத்துச் சொல்லக் கையில் ஒன்றும் இல்லை. எங்காவது இது பலித்திருக்கிறதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலர்விழி:
உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. ஆப்கானிஸ்தானில் யுஎஸ்எய்ட் நடத்திய 'புரோமோட்' திட்டத்தையே பாருங்கள். 75,000 பெண்களைப் படிப்பு, வேலை, பொறுப்பு என்று மேலே கொண்டுவருவதாகச் சொன்னார்கள். 2018இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு கணக்குப் பார்த்தபோது 3 வருஷத்தில் ஏறக்குறைய 9 கோடி டாலர் செலவாகியிருந்தது, ஆனால் அதனால் பெண்களுக்கு என்ன பயன் என்று காட்ட முடியவில்லை. ஒப்பந்தம், உள் ஒப்பந்தம், பயிற்சி வகுப்பு, சான்றிதழ் என்று போய்விடப் போகிறது என்று அப்போதைய ஆப்கன் அதிபரின் மனைவி ரூலா கனி தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார்.

ஆனால் எல்லாம் போச்சு என்பதை நான் ஏற்கவே மாட்டேன். அந்த வருஷங்களில் லட்சக்கணக்கான சிறுமிகள் எழுதப் படிக்கக் கற்றார்கள், கிராமத்துப் பெண்கள் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார்கள். கற்றதை அவர்களிடமிருந்து எப்படிப் பிடுங்க முடியும்? 2024 டிசம்பரில் மருத்துவச்சிப் படிப்பையும் தாலிபான் பெண்களுக்கு மூடிவிட்டது. ஏற்கெனவே படித்தவர்கள்தான் இப்போது பிரசவம் பார்க்கிறார்கள்.

திருப்பூர் பாலு:
அக்கா சொன்னதோடு வங்கதேசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காஜிப்பூரில் ஒரு கார்மென்ட்ஸில் 4 வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். அங்கே எங்கள் லைன் சூப்பர்வைசர் ஒரு பெண், பத்தாவது வரை படித்தவர். எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டால் 'உபபிருத்தி' என்றார், அதாவது உதவித்தொகை. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, நார்வே, அப்புறம் அவர்கள் அரசு எல்லோரும் சேர்ந்து 1994இல் நாடு முழுக்கக் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பில் மாசம் 25 டாக்கா (அந்த நாட்டுப் பணம்), பத்தாம் வகுப்பில் 60. நிபந்தனை மூன்று: 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. 1991இல் 11 லட்சமாக இருந்த உயர்நிலைப்பள்ளி மாணவிகள் 2005இல் 39 லட்சம். பணம் ஒன்றும் பெரிசில்லை, ஆனால் பெண்ணைப் பள்ளியை விட்டு நிறுத்துவதற்கு முன்னால் அப்பா ஒரு முறை யோசிக்க வேண்டியிருந்தது.

மலர்விழி:
அந்த மூன்றாவது நிபந்தனை நல்லதுதான் தம்பி. ஆனாலும் அங்கே பாதிப் பெண்களுக்கு இன்றும் 18க்கு முன்பே கல்யாணம் ஆகிவிடுகிறது. பத்தாவது முடித்ததும் உதவித்தொகை நின்றால் அடுத்தது கல்யாணப் பேச்சுதானே, கையில் வேலை இருந்தால்தான் அதைத் தள்ளிப்போட முடியும்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. பாலு, அந்தப் பணத்தை வீட்டில் வாங்கிக்கொள்ள மாட்டார்களா?

திருப்பூர் பாலு:
வீட்டுக்குத்தான் செலவாகியிருக்கும் அண்ணா. ஆனால் கணக்கு அந்தப் பிள்ளை பெயரில். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரும். எங்கள் சூப்பர்வைசர் முதல் தவணை வாங்கப் போனபோது அப்பா சைக்கிளோடு வெளியே நின்றாராம், இவர் மட்டும் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு 150 டாக்கா வாங்கிவந்திருக்கிறார். அந்தக் கையெழுத்தை முந்தின நாள் ராத்திரி நோட்டு முழுக்க எழுதிப் பார்த்தாராம்.