பதில்: அலுமினிய வீல்ல பூச்சுக்கு அடியில ஓடுற வெள்ளைக் கோடுகளுக்கு (இங்கிலீஷ்ல filiform corrosion) நம்ம கையேட்டுல தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்?

> "வெள்ளைத் துரு"ன்னே எழுதிடலாமே, எல்லாருக்கும் புரியும்

புரியும்தான், ஆனா தப்பா புரியும்ங்கறதுதான் என் கவலை. துருன்னா மேல படிஞ்சது, தேய்ச்சா போயிடும்னு நினைப்பு வந்துடும். அதோட துத்தநாகம் பூசின தகடு வெள்ளையா பூக்குதில்ல, அதுக்கு இந்தப் பேரு ஏற்கெனவே இருக்கு.

பழைய பிக்கப் வண்டி வீல்ல நடக்கறதே வேற. கிளியர் கோட்ல, அதாவது உலோகத்து மேல இருக்கற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சுல, எங்கயோ கல்லு தெறிச்சிருக்கும், இல்ல பேலன்சிங் பண்ணப்ப விளிம்புல மாட்டின வெயிட்டோட கிளிப் கீறியிருக்கும், அந்த வழியா ஈரமும் உப்பும் உள்ள போயி பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவுல இழை இழையா ஊர்ந்துகிட்டே போகும். இழையோட தலைப்பக்கம், அதாவது முன்னேறுற நுனியில, ஆக்சிஜன் கம்மி, அமிலத்தன்மை ஜாஸ்தி, அலுமினியம் கரையறது அங்கதான். கரைஞ்சது வால் பக்கம் ஹைட்ராக்சைடுங்கற வெள்ளைப் பொருளா படியுது. அப்ப நம்ம கண்ணுக்குத் தெரியற வெள்ளை அது கடந்து வந்த தடம், அரிக்கற வேலை நுனியில நடந்துகிட்டு இருக்கு.

அதனாலதான் மேல எவ்ளோ பாலிஷ் போட்டாலும் அசையாது, தேயறது கிளியர் கோட் மட்டும்தான். ஸ்ட்ரிப்பர்ங்கற பூச்சு உரிக்கற மருந்தைப் போட்டு மொத்தமா உரிச்சு, 320, 400, 600ன்னு நம்பர் ஏற ஏற நைஸாகுற உப்புத்தாளை மாத்தி மாத்தி தண்ணி தொட்டுத் தேய்ச்சு, 1000, 2000 வரைக்கும் போயி, அப்புறம்தான் பாலிஷ், அதுக்கு மேல திரும்ப ஒரு பூச்சோ மெழுகோ. காஸ்டிக்ங்கற கடுமையான காரம் கலந்த கிளீனர் பக்கமே போகக்கூடாது, அலுமினியம் அமிலத்துலயும் கரையும் காரத்துலயும் கரையும். டயர் உக்கார்ற இடத்துல அரிச்சிருந்தா காத்து மெல்ல இறங்கிகிட்டே இருக்கும், டயரைக் கழட்டி அங்கயும் சுத்தம் பண்ணியாகணும்.

> நூலரிப்பு?

நூல்னதும் பாதிப்பேருக்கு புத்தகம்தான் ஞாபகம் வரும், ஏதோ பூச்சி ஏட்டை அரிச்ச மாதிரி இருக்கு. இழையரிப்புன்னு வச்சா அந்தக் குழப்பம் இல்ல.

> களிம்பு நம்ம பழைய சொல்லாச்சே

செம்புல பிடிக்கற களிம்பு மாதிரி உயிர்ல ஆணவ மலம்ங்கற அழுக்குன்னு சைவ சித்தாந்தம் சொல்ற சொல்லு, எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா இன்னைக்கு களிம்புன்னா தோல்ல தடவற மருந்து, வீலுக்குக் களிம்புன்னு எழுதினா எதையோ பூசச் சொல்றோம்னு எடுத்துப்பாங்க.

> செல்லரிப்புல செல் (கரையான்) அரிக்குது, மண்ணரிப்புல மண் அரிபடுது. இழையரிப்புல இழை எந்தப் பக்கம்?

அருமையான கேள்வி, ஐயா. ரெண்டு பக்கமும் இல்ல, அது வடிவத்தைச் சொல்லுது. குழிகுழியா அரிக்கறதைக் குழியரிப்புன்னு சொல்றோம்ல, அதே கட்டுமானம்தான். அடுத்தடுத்து வச்சா வித்தியாசமும் பளிச்சுனு தெரியும், ஒண்ணு ஆழமா இறங்குது, இன்னொண்ணு பூச்சுக்கு அடியில நீளமா ஓடுது.

அதனால என் ஓட்டு இழையரிப்புக்கு. பாடப்புத்தகத்துல அரிமானம்னு இருக்கறதால அங்க இழை அரிமானம்னு போடறதுல எனக்கு மறுப்பு இல்ல, ஆனா கையில உப்புத்தாளோட நிக்கறவரு வாயில அரிப்புதான் சுலபமா வரும். கிளியர் கோட்டுக்கு தெளிபூச்சுன்னு வச்சுகிட்டா "தெளிபூச்சுக்கு அடியில் இழையரிப்பு"ன்னு கையேட்டுல ஒரே வரியில சொல்லிடலாம், படிக்கறவருக்கு முதல்ல பூச்சை உரிக்கணும்னு அதுலயே தெரிஞ்சுடும். தெளிபூச்சைவிட நல்ல சொல்லு யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, அதுல நான் பிடிவாதமா இல்ல.