கலை, வடிவமைப்பு மாணவருக்கு மன்றம் சார்பில் ஓர் உதவி நிதி: எப்படித் தொடங்குவது?

மன்றச்_செயலாளர்:
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத் தமிழ் மன்றத்தில் 40 பேர் ஆளுக்கு 250 வெள்ளி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மொத்தம் 10,000 வெள்ளி. நன்யாங் நுண்கலைக் கழகத்திலோ லாசால் கலைக் கல்லூரியிலோ படிக்கும் தமிழ் மாணவருக்கு ஆண்டுதோறும் உதவ வேண்டும் என்பது எண்ணம். மன்றம் அறநிறுவனமாகப் பதிவானதில்லை. தனியாக ஓர் அறக்கட்டளை தொடங்கலாமா, கல்லூரி வழியாகவே கொடுக்கலாமா? உறுப்பினர்களுக்கு வரிக்கழிவு கிடைக்குமா? முதலை வைத்துக்கொண்டு வட்டியை மட்டும் கொடுப்பது நல்லதா? விண்ணப்பிப்பவர் தமிழராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாமா? பணம் இன்னும் கைக்கு வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
பணம் கைக்கு வராதது நல்லதாகப் போயிற்று. மன்றக் கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள். மன்றம் வாங்கி மொத்தமாகக் கல்லூரிக்குக் கொடுத்தால் நன்கொடையாளர் என்று பதிவாவது மன்றம்தான். 40 பேரில் ஒருவருக்கும் கழிவு வராது. ஒவ்வொருவரும் தம் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து, கல்லூரிக்கே நேராகச் செலுத்த வேண்டும். இரண்டு கல்லூரிகளுக்கும் பொதுநல நிறுவனத் தகுதி, அதாவது ஐபிசி, இருக்கிறது. அதனால் கழிவு தானாகவே வருமான வரிக் கணக்கில் ஏறிவிடும், தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் ஏறாது, சரிபார்த்துக் கொடுங்கள்.

கழிவு 250 விழுக்காடு. 2023 வரவுசெலவுத் திட்டத்தில் இதை 2026 இறுதிவரை நீட்டித்தார்கள். பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: கழிவது வரியிலிருந்து அல்ல, வருமானத்திலிருந்து. 250 வெள்ளி கொடுத்தால் வருமானத்தில் 625 வெள்ளி கழியும். 7 விழுக்காட்டுப் படியில் வரி கட்டுபவருக்கு மிச்சம் 43 வெள்ளி 75 காசு. கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள், பிறகு ஏமாற்றம் வேண்டாம்.

10,000 வெள்ளிக்குத் தனி அறக்கட்டளை வேண்டாம். அறநிறுவன ஆணையரிடம் பதிவு, அறங்காவலர்கள், ஆண்டுக் கணக்கு, நிதி திரட்டும் செலவு திரட்டியதில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி என்று வேலை நீளும். அந்த உழைப்பு மாணவரிடம் போய்ச் சேராது.

வட்டி யோசனையும் இந்தத் தொகைக்குப் பொருந்தாது. ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுத்தால் 400 வெள்ளிதான். ஆண்டுக்கு 2,000 வெள்ளி தர வேண்டுமானால் முதலே 50,000 வெள்ளி தேவைப்படும். உங்களிடம் இருப்பதை 2,000 வீதம் 5 ஆண்டுகளில் கொடுத்து முடிப்பதுதான் சரி.

தமிழர் நிபந்தனை விஷயத்தில் கவனம் தேவை. ஐபிசி தகுதி பெற்ற நிறுவனத்தின் பணி சிங்கப்பூர்ச் சமூகம் முழுமைக்கும் பயன்பட வேண்டும். அமைச்சர் விலக்கு அளித்தாலொழிய இனம், சமயம் என்று சுருக்கக் கூடாது. பணமுடை உள்ள இந்திய மாணவர்களை சிண்டாவுக்கும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்), இந்து மாணவர்களை இந்து அறக்கட்டளை வாரியத்துக்கும் வழிகாட்டுங்கள். உங்கள் நிதிக்கு வேறு விதமாக நிபந்தனை எழுதலாம்.

கல்லூரியுடன் எழுதும் நன்கொடைக் கடிதத்தில் இரண்டு வரிகள் கட்டாயம் இருக்கட்டும். ஓர் ஆண்டு தகுதியானவர் கிடைக்காவிட்டால் தொகை அடுத்த ஆண்டுக்குச் சேர வேண்டும். நிறுவனத்தின் பெயரோ அமைப்போ மாறினாலும் நோக்கம் தொடர வேண்டும். லாசால் 1984இல் செயின்ட் பேட்ரிக்ஸ் கலை மையமாகத் தொடங்கியது. இன்று அதுவும் 1938இல் லிம் ஹாக் டாய் நிறுவிய நன்யாங்கும் கூட்டணியாகச் சேர்ந்ததுதான் சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகம், 2024 ஆகஸ்ட்டில் முதல் மாணவர் அணி. கலைக் கல்வியில் பெயர் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

சூளைச்சூடு:
கணக்குப்பிள்ளை சொன்னது பணம் போகும் வழி. அது எதற்குப் போகிறது, எப்போது போகிறது என்பது அதைவிட முக்கியம்.

கட்டணத்துக்குக் கல்வி அமைச்சின் மானியமும் கல்விக் கட்டணக் கடனும் இருக்கின்றன, பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்தும் எடுக்கலாம். துணி, களிமண், அச்சுச் செலவுக்கு இவை எதுவும் உதவாது. ஆடை வடிவமைப்பு மாணவர் நல்ல துணியில் நேரே கத்தரி வைப்பதில்லை. மலிவான காடாத்துணியில் ஒரு மாதிரி தைத்து, உடலில் போட்டுப் பார்த்து, தோள் இழுத்தால் பிரித்து மறுபடி வெட்டுவார். ஓர் உடைக்கு இரண்டு மூன்று மாதிரி ஆகிவிடும், இறுதித் தொகுப்பிலோ பல உடைகள். மண்பாண்டக் கலையில் உள்ளே ஈரம் இருக்கும் பாண்டம் சூளைக்குள் போனால் நீராவி வெடித்துச் சிதறும். பக்கத்தில் இருப்பவையும் போகும், மறுபடி மண் வாங்க வேண்டும். இது கவனக்குறைவு அல்ல, கற்றுக்கொள்வதன் செலவு. நிதி விதியில் இதற்கு இடம் இருக்க வேண்டும்.

அதனால் இறுதி ஆண்டின் முதல் பருவத்திலேயே பணமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆண்டு முடிவில் மேடையில் மாலை போட்டுக் கொடுக்கும் காசோலை கண்காட்சி முடிந்த பிறகுதான் கைக்கு வரும். பற்றுச்சீட்டு காட்டினால் திருப்பித் தருவோம் என்ற ஏற்பாடும் வேண்டாம். முன்பணம் இல்லாதவருக்குத்தானே உதவி! இன்னொன்று, கட்டணப் பாக்கி இருந்தால் உதவித் தொகையை அதில் கழித்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. "மூலப்பொருள், படைப்புச் செலவுக்கு மட்டும், மாணவரின் வங்கிக் கணக்கில்" என்று கடிதத்தில் எழுதினால்தான் அது கைக்குப் போய்ச் சேரும்.

தகுதி விதியில் வயது வரம்பு வைக்காதீர்கள், "முந்தைய படிப்பு முடித்த ஓராண்டுக்குள்" என்றும் எழுதாதீர்கள். கட்டாயத் தேசிய சேவை முடித்து வரும் பையன்கள் அதில் அடிபட்டுப் போவார்கள். குடும்ப வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடும்போது, டாக்சி ஓட்டும் தந்தைக்குச் சம்பளச் சீட்டு இராது. வரி மதிப்பீட்டுக் கடிதம் போதும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

மன்றச்_செயலாளர்:
இருவருக்கும் மிக்க நன்றி, கடித வரைவில் சேர்த்துவிட்டேன். உறுப்பினர்கள் இன்னொன்று கேட்கிறார்கள்: நிதி பெறும் மாணவர் எங்கள் ஆண்டு மலருக்கு அட்டை வரைந்து தரலாம் அல்லவா?

எழுத்துரு:
வேண்டாம் ஐயா. உதவிக்குப் பதிலாக வேலை கேட்டால் அது உதவி நிதி ஆகாது, குறைந்த கூலி ஆகிவிடும். கழிவுக்கும் சிக்கல் வரலாம், கைம்மாறு பெறும் நன்கொடையைக் கல்லூரி அப்படியே பதிய முடியாது. காப்புரிமையும் மாணவருடையது. 2021ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்துக்குப் பிறகு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன நிழற்படத்துக்கும் வேறு உடன்பாடு எழுதாவிட்டால் எடுத்தவரே உரிமையாளர். அட்டை வேண்டுமானால் தனியாக விலை பேசி, "ஒரு பதிப்பில் அச்சிட மட்டும்" என்று எழுதி, மலரில் பெயரையும் போடுங்கள். தேர்வுக் குழுவிலும் மன்றத்துக்கு இடம் கேட்காதீர்கள், படைப்பைப் பார்க்கத் தெரிந்த ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கட்டும்.

தமிழுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு வழி உண்டு. நிபந்தனையை ஆள்மீது வைக்காமல் பணிமீது வைத்துப் பாருங்கள்: "தமிழ் எழுத்து வடிவமைப்பு அல்லது பல மொழி அச்சு வடிவமைப்பில் இறுதி ஆண்டுப் படைப்பு செய்பவருக்கு முன்னுரிமை." எந்த இனத்து மாணவரும் விண்ணப்பிக்கலாம். நான்கு மொழிகளில் அறிவிப்புப் பலகை வைக்கும் ஊரில் இதற்குத் தேவையும் இருக்கிறது. பல பலகைகளில் தமிழ் மட்டும் நெருங்கிச் சிறுத்து, சுழி அடைபட்டு நிற்பதைப் பார்க்கலாம்.

வேலையும் எளிதல்ல. உகர, ஊகார வரிசைகளில் மட்டும் 18 மெய்களுக்கு 36 வடிவங்கள். கு, சு, து என்று குறி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக ஒட்டுவதால், ஒன்றை வரைந்து மற்றவற்றில் பொருத்திவிட முடியாது. ஒவ்வோர் அளவிலும் அச்செடுத்துப் பார்த்து, 'ணு' மையில் அடைகிறதா என்று கவனித்துத் திருத்த வேண்டும். 2,000 வெள்ளியில் பெரும்பங்கு அந்த அச்சுப் படிகளுக்கே போகும். கல்லூரி நன்கொடைப் பிரிவிடம் இந்த வாசகத்தை முதலில் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு, பிறகு உறுப்பினர்களைப் பணம் செலுத்தச் சொல்லுங்கள்.