போர்டிங் பள்ளி ஆழ்குழாயில் செம்மணல் வருகிறது: வழி சொல்லுங்கள்

தூத்துக்குடி மாவட்டத்தில், குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேட்டை ஒட்டிய ஒரு கிராமத்து மிஷன் பள்ளியில் போர்டிங் பொறுப்பாளராக இருக்கிறேன். தங்கிப் படிக்கும் பிள்ளைகள் 64 பேர். இருப்பது ஒரே ஆழ்குழாய்க் கிணறு, அதிலிருந்து தண்ணீரோடு செம்மணலும் ஏறி வருகிறது.

ஆழம் 180 அடி. ஆறரை அங்குலத் துளை, அது சரியாமல் இருக்க உள்ளே பிவிசி கேசிங் குழாய். 5 எச்.பி. மும்முனை நீர்மூழ்கி மோட்டார். 2023 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பிறகுதான் மணல் தட்டுப்பட்டது. அப்போது வாளிக்கு ஒரு சிட்டிகை இருந்தால் அதிகம். இந்த ஜூன் முதல் மோட்டார் போட்டுப் பத்து நிமிடத்தில் தண்ணீர் சிவந்து, பாய்ச்சல் பாதியாகிவிடுகிறது. சற்று நிறுத்திப் போட்டால் தெளிகிறது, மறுபடியும் அதே கதை. ஞாயிறு ஆராதனைக்குத் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டைகளின் காலர் மடிப்பில் மணல் செம்பட்டையாகப் படிந்திருந்தது. ஒரு சின்னப் பையன் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான். பார்க்க மனசு ஆறவில்லை.

கம்ப்ரசர் வைத்து இரண்டு முறை ஊதிச் சுத்தம் செய்தோம். ஒரு வாரம்தான் தாங்கியது. மோட்டாரை வெளியே எடுத்துத் தேய்ந்த இம்பெல்லர்களை (தண்ணீரைத் தள்ளும் சுழல் தட்டுகளை) மாற்றினோம். 20 அடி மேலே தூக்கிக் கட்டினோம். வால்வை மூடிப் பாய்ச்சலைக் குறைத்தும் பார்த்தோம். லாரித் தண்ணீரில்தான் இப்போது சமையல் நடக்கிறது.

தேரி மண்ணில் கிணறு போட்ட அனுபவம் உள்ளவர்களே, இதே துளைக்குள் சிறிய ஃபில்டர் பைப் (சல்லடை போலத் துளையுள்ள குழாய்) இறக்கிச் சுற்றிலும் பொடிக்கல் நிரப்பினால் மணல் நிற்குமா, புதிய துளைதான் போட வேண்டுமா?